துளசி மாடத்துக்குக் கீழே

அன்னூர்
3 மார்ச் 2025

அன்புள்ள தம்பி கிருபாசங்கருக்கு,

அக்கா புவனா எழுதிக்கொள்வது. என் மூட்டுவலி ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். சத்தீஸ்கர் காட்டில் உனக்கு வேளாவேளைக்குச் சோறு கிடைக்கிறதா? போன தடவை வந்தபோது கன்னம் ஒட்டிப்போய் இருந்தாய்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். நீ ரிக் வண்டியோடு போர்வெல் போடப் போகிற இடத்தில் டவர் இல்லை. எப்போதாவது உங்கள் மேனேஜர் போனில் கூப்பிட்டாலும், இங்கே உன் மாமா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். எனக்கு உன்னிடம் மட்டும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதனால்தான் நீ கொடுத்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை முகவரிக்கு எழுதுகிறேன்.

வீட்டை விற்கப்போகிறோம். கோயமுத்தூரில் மகள் லோகப்பிரியா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. அவள் வேலைக்குப் போகிறாள், பேரன் யஷ்வந்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தென்னங்காட்டை ஏற்கனவே வீட்டுமனை லே-அவுட்டுக்குக் கொடுத்துவிட்டோம், இங்கே இருந்து என்ன செய்யப்போகிறோம்?

புரோக்கர் மனோஜ்குமார் நம் லோகாவை விடச் சின்னவன். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாக்க வர்றவங்களுக்கு இது அவங்க ஊடு மாதிரித் தோணோணுமுங்க அம்மா. உங்க ஊடு மாதிரித் தெரியக் கூடாதுங்க" என்றான். முப்பது வருசம் வாழ்ந்த வீடு எங்கள் வீடு மாதிரித் தெரியக் கூடாதாம். சாமி காலண்டர் போயிற்று, கல்யாணப் படம் போயிற்று, ஊறுகாய் ஜாடிகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. வாடகைக்கு ஒரு சோபா வந்திருக்கிறது. கசங்கிவிடும் என்று உன் மாமா தரையில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்.

நான் ஈரோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருவதற்குள் பின்வாசல் முழுக்க பேவர் பிளாக் போட்டுவிட்டார்கள். சிவப்பும் சாம்பலுமாக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முருங்கை மரம் இல்லை. அதற்குப் பக்கத்தில்தானே தண்ணீர் வராமல் போன பழைய போர் இருந்தது? மேலே பலகைக்கல் போட்டு முள் வெட்டிப் போட்டிருந்தோம். இப்போது கல்லும் இல்லை, முள்ளும் இல்லை. உன் மாமாவைக் கேட்டேன். "அதெல்லாம் மூடியாச்சு, போயி சோத்தப் போடு" என்றார்.

எப்படி மூடினார்கள் என்று தெரியவில்லை. எப்படி மூட வேண்டும் என்று உனக்குத்தானே தெரியும்? மனசு கேட்கவில்லை, எழுது.

உன் அக்கா
புவனா

*

ஜகதல்பூர் பக்கம், காட்டு முகாம்
16 மார்ச் 2025

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

கிருபா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். சமையல்காரர் நம் பக்கம், அதனால் ரசம் கிடைக்கிறது. இட்லி மட்டும் கனவில்தான். மூட்டுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? மாமா உடம்பு எப்படி?

சோபாக் கதையைப் படித்துவிட்டு வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் சொன்னேன், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வெள்ளியங்கிரி மாமா தரையில் உட்கார்ந்திருப்பதை நான் பார்க்க வேண்டுமே.

போர் விசயம். பயப்பட ஒன்றும் இருக்காது. ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழியின் வாயில் கேசிங் பைப் இறக்கியிருப்போம் இல்லையா, மேல்மண் சரியாமல் இருக்க? அது இன்னும் உள்ளே இருக்கிறதா, உருவிவிட்டார்களா? பைப் இருந்து, மேலே இரும்பு மூடியை வெல்டிங் வைத்திருந்தால் நீங்கள் அதன்மேல் கல்யாணமே நடத்தலாம். பைப் இல்லாவிட்டால் அடியிலிருந்து மண்ணும் ஜல்லியும் கொட்டி நிரப்பியிருக்க வேண்டும். டிராக்டர் டிராக்டராகப் போகும். அப்படிப் போனதைப் பக்கத்து வீட்டார் பார்த்திருப்பார்கள், விசாரியுங்கள்.

நாளைக்கு இன்னும் உள்ளே போகிறோம். பதில் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தம்பி
கிருபா

*

அன்னூர்
29 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சிரித்தது தெரிந்து சந்தோசம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, அங்கேயும் அப்படித்தான் இருக்கும். தலையில் துண்டு கட்டாமல் நிற்காதே.

பேவர் போட்ட மேஸ்திரி ரைஹான் மிச்சக் கூலிக்கு வந்திருந்தார். உன் மாமா குளித்துக்கொண்டிருந்தார். காப்பி கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். அவர் குளியலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "பைப்பு போன வருசமே உருவிட்டாங்கனு சார் சொன்னாருங்க. மண்ணு அடிக்கலாமுங்கனு நானும் சொன்னேனுங்க. நேரமில்லைன்னுட்டாரு. ஒரு சாக்கு நெறையாத் தேங்கா மட்டைய அடைச்சு வாயில இறுக்கிக் குடுத்தாரு. மேல மண்ணப் போட்டு, எம்-சாண்டப் போட்டு, கல்லப் பதிச்சுட்டமுங்க." எந்த இடம் என்று கேட்டேன். துணி துவைக்கிற கல்லிலிருந்து கொஞ்சம் தள்ளிக் காலால் காட்டினார்.

லோகா வந்திருந்தபோது யஷ்வந்த் அந்த இடத்தில்தான் பந்து விளையாடினான். நான் இங்கே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானே ஒரு வழி செய்தேன். திருமுருகன்பூண்டி போய் ஒரு கல் துளசி மாடம் வாங்கி வந்து, சரியாக அந்த இடத்தில் வைத்துவிட்டேன். துளசி மாடத்தை யார் மிதிப்பார்கள்? யார் நகர்த்துவார்கள்? சுற்றித்தானே போவார்கள்? உன் மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மனோஜ்குமாரும், "லட்சணமா இருக்குதுங்க அம்மா, பாக்கறவங்களுக்குப் பட்டுனு மனசுல பதியும்" என்றான். தினமும் விளக்கு வைக்கிறேன். சாமிக்குத்தான் வைக்கிறேனா, அந்தக் குழிக்கு வைக்கிறேனா என்று தெரியவில்லை.

செய்தது சரிதானே?

உன் அக்கா
புவனா

*

காட்டு முகாம்
12 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

நலம். நீங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

துளசி மாடம் வேண்டாம் அக்கா. கனம் வைக்கவே கூடாது. சாக்கு மட்கும், மட்டை மட்கும். ஒரு நல்ல மழை போதும், மேல் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குள் இறங்கிவிடும். பேவர் கல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். பார்க்க ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் மொத்தமாகப் போகும். பைப் இல்லாத குழியின் வாய் நீங்கள் நினைக்கிற அளவில் இருக்காது, மண் சரிந்து சரிந்து அகலமாகியிருக்கும்.

நீங்கள் அதை நகர்த்தவும் போகாதீர்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். மாமாவிடம் சொல்லி ஆளை வைத்துக் கல்லைப் பெயர்த்து, அடிவரை மண் நிரப்பச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், சொன்னால் செய்ய மாட்டார்.

யஷ்வந்தை அழைத்து வர வேண்டாம் என்று லோகாவிடம் சொல்லுங்கள்.

இங்கே கொஞ்ச நாளாக வேலை இல்லை. வண்டி நிற்கிறது. எனக்குத் தூக்கம் சரியில்லை, வேறொன்றுமில்லை.

கிருபா

*

அன்னூர்
25 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்புக்கு என்ன? தூக்கம் ஏன் வரவில்லை? வண்டி ஏன் நிற்கிறது? நீ ஒன்றைச் சொல்லாமல் விடுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அடுத்த கடிதத்தில் ஒழுங்காக எழுது.

உன் மாமாவிடம் பேசினேன். பொழுதோடு அவர் காப்பி குடிக்கிற நேரம் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். "ஏனுங்க, அந்தப் போர நல்லா மூடிப்போடலாமுங்க" என்றேன். டம்ளரை வைத்தார். "உன்ற தம்பி சொன்னானா? ரிக்குல பைப் தூக்கறவன் எனக்குப் புத்தி சொல்றானா? பெயர்த்தா மறுபடி கல்லு போடோணும், கலர் மாறும், பாக்கறவன் என்ன ஏதுன்னு கேப்பான். போர் இருந்த எடம்னா வெல பாதியாப் போகும். பத்திரம் முடியட்டும், அப்பறம் அவங்க பாடு" என்றார்.

அவங்க யார் தெரியுமா? சாமுவேல். அவருடைய தாத்தா உன் மாமாவின் அப்பா காலத்தில் நம் காட்டில்தான் வேலை செய்தார். சாமுவேல் இப்போது கோவையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். மனைவி பள்ளிக்கூட டீச்சர். யுவஸ்ரீ என்று நாலு வயசில் ஒரு பெண். முதலில் உன் மாமாவுக்கு அவர்களுக்கு விற்கவே மனசில்லை. அப்புறம் வேறு யாரும் அந்த விலைக்கு வரவில்லை என்றதும் மனசு வந்துவிட்டது.

அவர்கள் வீடு பார்க்க வந்தார்கள். அந்தக் குழந்தைக்கு ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது. பின்வாசலைப் பார்த்ததும் ஓடியது. நான் பாய்ந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவர்கள் மாடி, சமையலறை, பீரோ எல்லாம் பார்த்து முடிக்கிற வரைக்கும் இறக்கவே இல்லை. கை மரத்துப்போயிற்று. "அத்தையவே புடிச்சுக்கிட்டாளே" என்று டீச்சர் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அவர்கள் போன பிறகு உன் மாமாவிடம் இன்னொரு முறை சொன்னேன், அந்தக் குழந்தைக்காகவாவது என்று. அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "நம்ம சனமா இருந்தாச் சொல்லியிருப்பேன்" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். இத்தனை வருசம் சேர்ந்து வாழ்ந்த மனுசனைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

துளசி மாடம் இருக்கிற வரைக்கும் குழந்தை அங்கே கால் வைக்காது என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். கனம் என்று நீ சொல்கிறாய். எடுத்தால் மிதிப்பார்கள், வைத்தால் இறங்கும். நான் என்ன செய்யட்டும்?

உன் அக்கா
புவனா

*

அன்னூர்
9 மே 2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்றே தெரியாமல் எழுதுகிறேன். உன் மேனேஜர் நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை.

போன வாரம் கோடை மழை கொட்டித் தீர்த்தது. விடிந்து போய்ப் பார்த்தேன். துளசி மாடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. விளக்கு மாடத்தில் ஊற்றின எண்ணெய் ஒரு மூலைக்கு ஓடிவிட்டது. உன் மாமாவும் பார்த்தார். போய்க் கொஞ்சம் சிமெண்ட் குழைத்து வந்து கீழே முட்டுக் கொடுத்துச் சரி செய்துவிட்டார். அவருக்கும் உள்ளே பயம் இருக்கிறது தம்பி. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் வாய் திறக்க மாட்டார்.

நேற்று சாமுவேலும் டீச்சரும் மறுபடியும் வந்தார்கள். அட்வான்ஸ் எழுதும் நாள் குறித்தாகிவிட்டது, இம்மாதம் 25. டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, துளசிய எங்களுக்குப் பாத்துக்கத் தெரியாதுங்க. உங்க சாமிய நீங்களே நல்லபடியா எடுத்துட்டுப் போயிருங்க. அந்த எடத்துல பாப்பாவுக்கு ஒரு ஊஞ்சல் போட்டுக்கறோம். அங்கதான் மத்தியானத்துல நெழல் விழுதுங்க."

யாரும் நகர்த்த மாட்டார்கள் என்று நான் வைத்த ஒன்றை முதல் வேலையாக நகர்த்தப்போகிறவர்கள் இவர்கள்தான். இதை நான் யோசிக்கவே இல்லை பார். எல்லோர் வீட்டிலும் துளசி இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அந்தக் குழந்தைக்கு ஊஞ்சல் போடுகிற இடத்தை நானே அடையாளம் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த பிளாட் வேண்டும். யஷ்வந்த் தினமும் சாயங்காலம் வீடியோவில் "அம்மாயி எப்ப வருவீங்க?" என்று கேட்கிறான். சொன்னால் வீடு விற்காது. நான் டீச்சரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இரண்டு வரியாவது எழுது.

உன் அக்கா
புவனா

*

ஜகதல்பூர்
15 மே 2025

அக்கா,

நான் உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் இரண்டு கடிதமும் இன்றைக்கு ஒன்றாகக் கைக்கு வந்தன. படித்ததும் ஊருக்குள் வந்து வீட்டுக்குப் போன் செய்தேன். மாமா எடுத்தார். நீங்கள் அவினாசி கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அப்புறம் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நான் கூப்பிட்டதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

வண்டி ஏன் நின்றது என்று கேட்டீர்கள். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஏப்ரல் முதல் வாரம் போலீஸ் ஜீப் எங்கள் முகாமுக்கு வந்தது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு குழந்தை போர் குழியில் விழுந்துவிட்டது, வண்டியை எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள் என்றார்கள். யாரோ எப்போதோ போட்டுத் தண்ணீர் வராமல் விட்டுப்போன குழி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு குழி போட்டு, அதன் வழியாக ஆள் இறங்கிக் குழந்தையை எடுக்க வேண்டும். நான்தான் பாறையைத் துளைக்கிற பிட்டை மாட்டினேன். அடியில் முழுக்கக் கல்லு. ஒரு சாண் இறங்குவதற்குள் பொழுது போய்விட்டது.

நடுநடுவே வண்டியை நிறுத்தச் சொல்வார்கள், குழந்தையின் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க. நிறுத்தினால் கேட்கும். அவர்கள் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டது. பாஷை தெரியாத எனக்கும் புரிந்தது. மறுபடி ஓட்டுவோம். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, அது எனக்கு நிம்மதியாக இருந்தது அக்கா. நிறுத்தச் சொல்வார்களோ என்றுதான் பயம். கடைசியாக நிறுத்தினபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினோம்.

அந்தக் குழியின் வாயைப் பார்த்தேன். ஓரத்தில் மட்கின சாக்குத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முகாமுக்குத் திரும்பின அன்றுதான் உங்கள் மார்ச் மாதக் கடிதம் கையில் கிடைத்தது. சாக்கு, தேங்காய் மட்டை என்று படித்ததும்தான் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று எழுதினேன்.

வீடு விற்காவிட்டால் போகட்டும். பிளாட் போகட்டும். மாமா அடித்தால்கூட வாங்கிக்கொள்ளுங்கள். ஊஞ்சல் போடுவதற்கு முன்னால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தம்பி
கிருபா

*

அன்னூர்
26 மே 2025

அன்புள்ள தம்பிக்கு,

நீ சாப்பிடு. தூங்கு. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தைக்காக நானும் ஒரு விளக்கு ஏற்றினேன்.

நேற்று அட்வான்ஸ் எழுத எல்லோரும் வந்தார்கள். சாமுவேல், டீச்சர், குழந்தை, மனோஜ்குமார். வாடகை சோபாவில் அவர்களை உட்கார வைத்து உன் மாமா எதிரே நின்றுகொண்டிருந்தார். காப்பி கொடுத்தேன். பேனாவை எடுக்கிற நேரத்தில், "சித்தெ இருங்க. மொதல்ல துளசிய நவுத்திப்போடலாம். இன்னைக்கு நாள் நல்லா இருக்குது" என்றேன். எல்லோரும் பின்வாசலுக்கு வந்ததும் கற்பூரம் காட்டினேன். உன் மாமாவும் மனோஜ்குமாரும் ஓரமாக நின்று கயிறு போட்டு இழுத்து மாடத்தை அக்கட்டால நகர்த்தினார்கள். உன் மாமா கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் சாமியிடம் விடைபெறுகிறேன் என்று நினைத்திருப்பார்.

சுவரில் சாய்த்து வைத்திருந்த கடப்பாரையை எடுத்தேன். "டீச்சர், பாப்பாவத் தூக்கிக்குங்க, கீழ எறக்காதீங்க" என்றேன். எட்ட நின்று ஒரு கல்லின் இடுக்கில் கொடுத்து நெம்பினேன். உன் மாமா "ஏ அம்மணி, என்ன பண்ற?" என்று ஓடி வந்தார். அதற்குள் ஒரு கல் பெயர்ந்துவிட்டது. கீழே மண்ணே இல்லை தம்பி. வெறும் இருட்டு. இன்னொரு கல்லைத் தட்டினேன், அது அப்படியே உள்ளே போய்விட்டது. ரொம்ப நேரம் கழித்து எங்கேயோ அடியில் ஒரு சத்தம் கேட்டது.

"அத்தை, கல்லு எங்க போச்சு?" என்று யுவஸ்ரீ கேட்டாள். டீச்சர் குழந்தையை இறுக்கிக்கொண்டு நேராகக் காருக்குப் போய் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

சாமுவேல் குரலை உயர்த்தவே இல்லை. "ஏனுங்க, இது உங்களுக்கு முன்னமே தெரியுமுங்களா?" என்று உன் மாமாவைக் கேட்டார். உன் மாமா தரையைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று நான் சொன்னேன். தெரிந்தும் தலையை ஆட்டினேன் என்றும் சொன்னேன்.

அவர் கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். "உங்க காட்டுலயும் ரெண்டு போர் தண்ணி வராமப் போச்சுன்னு எங்க தாத்தா சொல்லியிருக்காருங்க. இப்ப அங்க லே-அவுட்டுங்க. எங்க அக்கா ஊடும் அங்கதான் இருக்குதுங்க. அந்த ரெண்டையும் எப்படி மூடுனீங்க?"

உன் மாமா அப்படியே பேவர் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அதையும் இப்படித்தான்" என்றார்.

நானும் உன் மாமாவும் லே-அவுட்டுக்குக் கிளம்புகிறோம். ஓட வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

புவனா

*

லே-அவுட் பூங்கா, அன்னூர்
29 மே 2025

கிருபா,

கடிதமாக எழுத நேரமில்லை. உன்னை உடனே ஊருக்கு அனுப்பச் சொல்லி உன் மேனேஜரிடம் பேசிவிட்டோம். வண்டி காட்டுக்குள் இருக்கிறது, ஆளை அனுப்பிச் சொல்கிறேன் என்றார். அவர் சொல்லாமல் விட்டாலும் இது வந்து சேரட்டும் என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

லே-அவுட்காரர்கள் ஜேசிபி விட்டு நிரவினபோது தென்னை மரம் எல்லாம் போய்விட்டது. எந்த இடத்தில் போர் இருந்தது என்று உன் மாமாவால் சொல்ல முடியவில்லை. இங்கே ஒரு மரம், இல்லை அங்கே ஒரு மரம் என்று நடந்து நடந்து பார்த்துவிட்டு அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. இரண்டும் பூங்காவுக்கு விட்ட இடத்துக்குள்தான் வருகிறது, அது மட்டும் நிச்சயம். வீடு கட்டின இடமாக இருந்தால் அஸ்திவாரம் தோண்டும்போதே தெரிந்திருக்கும். பூங்கா என்பதால் யாரும் தோண்டவில்லை. இங்கே சறுக்குமரம் இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது, பொழுதானால் லே-அவுட் குழந்தைகள் அத்தனை பேரும் இங்கேதான்.

சாமுவேல் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். தீயணைப்பு ஆட்களும் வந்து பார்த்தார்கள். இடம் தெரியாமல் மிஷினை உள்ளே விட முடியாது, சரியாகக் காட்டுகிற ஆளைக் கூட்டி வாருங்கள் என்கிறார்கள். அந்த இரண்டு போரையும் போட்டது நீ முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த வண்டி. கிழக்கு வேலியிலிருந்து நீ காலால் அளந்து குறி வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. உன்னால் மட்டும்தான் காட்ட முடியும்.

என் பழைய சேலைகளை எல்லாம் முறுக்கிக் கயிறாக்கிப் பூங்காவைச் சுற்றிக் கட்டியிருக்கிறோம். சேலையைக் குனிந்து நுழைந்துவிடுகிறார்கள் தம்பி, குழந்தைகள்தானே. அதனால் கிழக்கு வாசலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மேற்கு வாசலில் உன் மாமா உட்கார்ந்திருக்கிறார். காலையில் டீச்சர் அவருக்கும் எனக்கும் சோறு கொண்டு வந்து வைத்தாள். வைத்த கையோடு போய்விட்டாள். அவர் அதைச் சாப்பிடாமல் மடியில் வைத்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு பையன் பந்து உள்ளே விழுந்துவிட்டது, எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே நிற்கிறான். பந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் கிடக்கிறது. எடுக்கப் போக எனக்குத் தைரியம் இல்லை.

நீ எந்த நேரத்துக்கு வந்து இறங்கினாலும் வீட்டுக்குப் போகாதே. நேராக இங்கே வா. நீ வருகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்க மாட்டோம்.

அக்கா